பட்டாளத்து வண்டிக்குக் காப்பு

அடி அண்ணாமலையில் எல்லம்மாள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் கதவு எண் சொல்லித் தேடுவதில்லை. "மிலிட்டரி வண்டி நிக்குமே, அந்த வூடு" என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் நாலாவது வீடு. வீட்டைவிட வண்டிதான் உயரம். ஜபல்பூரில் செய்து, பட்டாளத்துக்கு உழைத்து, எந்தெந்த மலையெல்லாமோ ஏறி இறங்கி, கடைசியில் ஏலத்தில் சுப்பிரமணியிடம் வந்து சேர்ந்த சக்திமான் லாரி. வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. சுற்று வட்டாரத்தில் இப்படி ஒரு வண்டி இன்று எங்கேயும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் இதுவும் ஓடவில்லை. அதுதான் அந்த வீட்டின் தலைவலி.

போன ஆடி வரைக்கும் ஓடியது. கல் குவாரி வேலை நின்றுபோன பிறகு வண்டிக்கு இருந்த ஒரே உத்தியோகம், வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் அம்மனைச் சுமப்பது. அந்த வேலைக்கு அதை விட்டால் வேறு ஆள் கிடையாது. முதல் கியரில் போட்டால் மனுஷன் நடப்பதைவிட மெதுவாகப் போகும். குலுங்காது, சூடாகாது. வாசலுக்கு வாசல் நின்று மஞ்சத்தண்ணி வாங்கிக்கொண்டு, காலையில் கிளம்பினால் பொழுது சாயும்வரை ஊரைச் சுற்றும். அவ்வளவு நேரமும் அம்மன் பக்கத்தில் கும்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் எல்லம்மாள். வண்டிக்காரர் வீட்டுப் பெண் நிற்பது வழக்கம். வருஷம் முழுக்கக் கிரிவலப் பாதையில் கூழ்ப் பானைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, போகிற வருகிறவர்களின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த ஒரு நாள் ஊரே கீழே தெரியும். யார் வீட்டு மாடியில் என்ன வற்றல் காய்கிறது என்பதுவரை தெரியும். அந்த உயரம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பக்தி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பக்தியும் இருந்தது.

போன வருஷம் உலாவின்போது தெற்குத் தெரு திரும்பும் இடத்தில் வண்டி இரண்டு முறை இருமியது, குலுங்கியது, நின்றது. காலையில்தான் டேங்க் நிறைய டீசல் ஊற்றியிருந்தார் சுப்பிரமணி. பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். அம்மன் வெயிலில் நின்றாள். பம்பைக்காரர்களுக்குக் கை ஓய்ந்துபோனது. அப்போதுதான் கோபி வந்தான். கோபி எல்லம்மாளின் கூடப் பிறந்த தம்பி. கூழ்ப் பானைகளைக் கோயிலுக்கு ஏற்றிப் போவதற்காகத் தன் மினி லாரிக்கு வேப்பிலையும் மாலையும் கட்டித் தயாராக வைத்திருந்தான். அம்மனை அதற்கு மாற்றினார்கள். உலா முடிந்தது. வீட்டுக்கு இழுத்துவந்த பட்டாளத்து வண்டியின் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் ஒரு பிடி மஞ்சள் மண் கிடந்தது.

அவ்வளவுதான். "உன் தம்பிதான்டி மண்ணைப் போட்டான். இல்லாட்டி எப்பிட்றி அந்நேரத்துக்கு வேப்பிலையோட வந்து நிப்பான்?" என்று சுப்பிரமணி நடுத்தெருவில் நின்று கேட்டார். கோபி கற்பூரம் கொளுத்தி, அணைத்துச் சத்தியம் பண்ண வந்தான். சுப்பிரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றோடு கோபி அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கல் சீரைக்கூடப் பெண்டாட்டி பொன்னியிடம் கொடுத்தனுப்பினான். கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை எல்லாம் சரியாக இருந்தன. தம்பி இல்லை. அன்றைக்கு எல்லம்மாள் பொங்கல் பானைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். கேட்டவர்களிடம் புகை என்று சொன்னாள்.

இந்த வருஷம் ஊர் நாட்டாமை ராமன் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "காப்புக் கட்ற செவ்வாக்கெழம, பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள, மிலிட்டரி வண்டி தானா ஓடிக் கோயில் வாசலுக்கு வரணும். வந்தா அதுக்குத்தான் காப்பு. வரலன்னா கோபி வண்டிக்குக் கட்டிடுவோம். அப்புறம் எந்நாளைக்கும் அதான். நடுவுல நின்னு அம்மனை நாறடிக்கிற வேலை வாணாம்." காப்புக் கட்டிய வண்டிதான் அம்மனைச் சுமக்கும் என்பது ஊர் முறை.

வண்டி ஓடாவிட்டால் தன் வீட்டுக்காரர் கட்டையில் போகும்வரை தம்பியைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருப்பார் என்பது எல்லம்மாளுக்குத் தெரியும். ஓடிவிட்டால் அவர் கோபம் ஆறும், தம்பி வாசலுக்கு வருவான். அவள் போட்ட கணக்கு இது. அதனால்தான் பதினோரு மாதமாக அந்த வண்டியோடு அவளும் சேர்ந்து லோல்பட்டாள்.

பட்டது கொஞ்சமில்லை. என்ஜினை இறக்கி, பிரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழுவி வாசல் பூராவும் பரப்பி வைத்திருந்தார் சுப்பிரமணி. கோலம் போட இடம் இல்லாமல் பிஸ்டனுக்கு நடுவில் புள்ளி வைத்தாள் எல்லம்மாள். தேய்ந்துபோன பாகத்துக்கு மாற்று வேண்டும் என்றால் கடையில் கிடைக்காது. செய்வதை நிறுத்தி முப்பது வருஷம் ஆகப்போகிற வண்டிக்குக் கடையில் யார் சாமான் வைத்திருப்பார்கள்? சென்னை புதுப்பேட்டையில் தெருத் தெருவாக அலைந்ததற்கு, "பெரியவரே, இத மியூசியத்துல குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆனால் பட்டாளத்து வண்டி சாவதில்லை. செத்த பிறகு நாலு வீட்டில் நாலு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கொட்டகையில் ஸ்டியரிங் ஜாயிண்ட் கிடைத்தது. செங்கம் ரோட்டு தாபா ஒன்றில் பிரேக் டிரம்மில் நிலக்கரி போட்டுக் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கோழி வேகும்வரை காத்திருந்து, வாங்கித் தின்றுவிட்டு, டிரம்மைத் தண்ணீர் தெளித்து ஆற்றிக் கொண்டுவந்தார் சுப்பிரமணி. இடது பக்கக் கதவு போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆட்டுப்பட்டிக்குக் கதவாக இருந்தது. அதற்கு எல்லம்மாளும் போனாள்.

"கதவெல்லாம் குடுக்க முடியாதும்மா" என்றார் பட்டிக்காரர் அப்பாதுரை. "ஆடு அத்தினியும் வெளிய ஓடிடும். நரி கீது இங்க."

"வேற கதவு குடுத்தா?" என்றாள் எல்லம்மாள்.

"இன்னா கதவு?"

"நல்ல பிளாஸ்டிக் கதவு. தண்ணி பட்டா ஊறாது, துரு புடிக்காது. தாழ்ப்பா கீது. உள்ளாற இருந்தும் போடலாம்."

"ஆட்டுக்கு எதுக்கும்மா உள்ளாற தாழ்ப்பா?"

"இருக்கட்டுமே. ஆடுன்னா மானம் இல்லியா?"

அப்பாதுரை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தவர் கொடுக்காமல் இருக்க முடியாது. அன்று முதல் எல்லம்மாள் வீட்டுக் குளியலறைக்குப் பழைய போர்வைதான் கதவு. மகள் கவிநிலா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

எல்லாம் சேர்ந்தது, பம்ப் மட்டும் சேரவில்லை. டீசலை அளந்து என்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப். அதற்குள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு பாகம் தேய்ந்திருந்தது. அது உலகத்திலேயே இல்லை என்று சுப்பிரமணி முடிவுகட்டிப் படுத்துவிட்ட நேரத்தில்தான் கவிநிலா வெர்னரைக் கூட்டிவந்தாள். ரமணாசிரமம் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் விடுதியில் தங்கியிருந்த ஜெர்மனிக்காரர். எழுபது வயது, வேட்டி, தோளில் துண்டு. கவிநிலா தன் போனில் வண்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டிப்பார்த்தவர், பர்ஸிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாராம். அதில் இருபது வயதுப் பையனாக, இதே மூஞ்சி வண்டி ஒன்றின் பானெட்மேல் உட்கார்ந்திருந்தார். சக்திமானைச் செய்ததே அவர் நாட்டுக் கம்பெனியின் வரைபடத்தை வைத்துத்தான் என்று கவிநிலா போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"பேசுவாராடி?" என்று கேட்டாள் எல்லம்மாள்.

"மௌன வெரதம்மா. ஆவணி பௌர்ணமி வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டாரு. எழுதிக்கூடக் காட்ட மாட்டாரு."

"இங்க எனக்குன்னு ஒண்ணு வந்து சேந்துதே. ஏற்கெனவே ஒரு மனுசன் காது மந்தம். இப்ப ஊமச்சாமி வேறயா?"

குவாரியில் வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டுச் சுப்பிரமணிக்குக் காது பாதிதான் வேலை செய்யும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், பேசாத ஆளும் கேட்காத ஆளும் பானெட்டுக்குள் தலையை விட்டதும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கையை நீட்டினால் இன்னொருவர் சரியான ஸ்பேனரை வைத்தார். சாயந்திரத்துக்குள் வெர்னர் தன் போனில் மகனின் நம்பரைத் தொட்டுக் கவிநிலாவிடம் நீட்டினார். அவள் அந்த மகனிடம் இங்கிலீஷில் பேசினாள். மூன்று வாரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே அந்தச் சுண்டுவிரல், எண்ணெய்த் தாளில் சுற்றி.

அந்த மூன்று வாரமும் வெர்னர் தினம் வந்தார். பெயிண்டைச் சுரண்டுவார், போல்ட்டு கழுவுவார். கூழ் ஊற்றிக்கொடுத்தால் மோர் மிளகாயைக் கடித்துக் கண்ணில் நீர் வழியக் குடிப்பார். எல்லம்மாள் மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே அவரிடம் பேசுவாள். தமிழில்தான். தம்பி கதை, பொங்கல் சீர் கதை, மகளுக்கு மாப்பிள்ளை அமையாத கதை. அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கேட்பார். குறுக்கே பேசாமல், "சரி சரி வுடு" என்று சொல்லாமல், தான் சொன்னதை முழுசாகக் கேட்ட ஒரே ஆம்பளை இந்த வெள்ளைக்காரர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. புரியவில்லை என்பது வேறு விஷயம்.

காப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது பம்பைப் பூட்டி வண்டியைக் கிளப்பினார்கள். அடேயப்பா, அந்தச் சத்தம்! தெருவே வெளியே வந்தது. கோழிகள் கூரைமேல் ஏறின. சுப்பிரமணி துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் விட்டார். கால் மணி நேரம் போயிற்று. இரண்டு முறை இருமியது. குலுங்கியது. நின்றது.

இறங்கினார். டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். டீசல் இருந்தது. மூடினார். பம்பில் இருந்த காற்றை எடுத்தார். மறுபடி கிளப்பினார். ஓடியது. மறுபடி கால் மணி நேரம். மறுபடி நின்றது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். சுப்பிரமணி சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு பிசைந்தார், தின்னவில்லை.

"உன் தம்பி கண்ணு வெச்சிட்டான்" என்றார்.

"மண்ணும் அவன்தான், கண்ணும் அவன்தானா? நல்லா கீதே" என்று எல்லம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அவள் கூழ்க் கடையில் இருக்கும்போது கோபி வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு, கடைக்கு உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றான். ஆள் இளைத்திருந்தான். ஆடிக் காற்றில் சட்டை உப்பிக்கொண்டு பறந்தது.

"கூழு குடிக்கிறியாடா?"

"வாணாம்க்கா." பானையைப் பார்த்துவிட்டு, "குடு" என்றான்.

சொம்பை வாங்கி நின்றபடியே குடித்தான். கொத்தவரங்காய் வற்றலை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

"வண்டி நின்னு நின்னு போவுதாமே" என்றான்.

"ம்."

"நான் இன்னா பண்ணட்டும் சொல்லு. நான் வண்டி எடுத்துனு வரலன்னு நாட்டாமகிட்ட சொல்லிடவா?"

"சொல்லேன்டா" என்றாள் எல்லம்மாள் ஆசையாக.

கோபி தலையை ஆட்டினான். "சொல்ல முடியாதுக்கா. நான் விட்டுக்குடுத்தேன்னா, பாத்தியா, செஞ்ச தப்புக்குப் பயந்துனு ஒதுங்கிட்டான்னு ஆயிடும். போன வருசம் அந்த ரெண்டு பானையை ஏத்தறதுக்கு நான் எங்கியோ வேற வண்டி பாத்திருந்தா இவ்ளோ பேஜார் இல்ல. வண்டி கட்டினேன் பாரு, அதான் தப்பு." சொம்பைக் கவிழ்த்து வைத்தான். "மாமா சாப்பிட்றாரா?"

"எங்க சாப்பிட்றாரு."

"சாப்பிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று அவள் மோரில் உப்பை இரண்டு தரம் போட்டாள். வாங்கிக் குடித்த பக்தர்கள் பிரசாதம் என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. எட்டரை மணிக்குச் சுப்பிரமணி வண்டியைக் கிளப்பினார். கடைசியாக ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று ஊருக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் மண் ரோட்டில் விட்டார். பின்னால் எல்லம்மாளும் வெர்னரும் ஏறியிருந்தார்கள். கொல்லை முடிந்து ஏரிக்கரை ஆரம்பிக்கும் இடத்தில் வண்டி இருமியது. எல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். நின்றது.

சுப்பிரமணி இந்த முறை டேங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு இறங்கி, "அவலூர்ப்பேட்ட ரோட்ல பம்ப் மெக்கானிக் ஒருத்தன் கீறானாம். கூட்டினு வரேன். யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வழியில் போன பைக் ஒன்றில் ஏறிப் போனார். மணி ஒன்பதாகப் போகிறது.

தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற பிறவி இல்லை எல்லம்மாள். தெரியாத வேலையில் கை வைக்கக்கூடாது என்றாலும், டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன வந்தது? குச்சியை எடுத்துக்கொண்டு டேங்கருகே போனாள். மூடியைத் திருகினாள். வரவில்லை. வெர்னர் வந்து கை கொடுத்தார். இருவருமாகத் திருகியபோது மூடி கொஞ்சம் இளகியது. "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது, தாகத்தில் தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி.

வண்டிகளும் ஆட்களும் சத்தம் போடுகிற கிரிவலப் பாதையில் காது மந்தமான மனுஷனுக்கு இது எங்கே கேட்டிருக்கும்?

எல்லம்மாள் காதை டேங்கருகே கொண்டுபோனாள். அவளுக்கு லாரி தெரியாது. எண்ணெய் டின் தெரியும். பதினைந்து கிலோ டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் கொஞ்சம் வரும், அப்புறம் விக்கி நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் மளமளவென்று வரும். ஒன்று எண்ணெய் வெளியே வர, ஒன்று காற்று உள்ளே போக.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. வாயை வைத்து ஊதினாள். காற்று போகவில்லை. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினாள். கெட்டியாக இருந்தது. குடைந்தாள். மஞ்சளாகப் பொடிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். போன வருஷம் டேங்க் அடியில் கிடந்த அதே மண்.

முகர்ந்தாள். இத்தனை டீசல் நாற்றத்திலும் லேசாகத் தெரிந்தது. சந்தனம்.

மூடியின் வெளிப்பக்கத்தைத் திருப்பினாள். நெற்றி மாதிரி வட்டமாக இருக்கிறது, பொட்டு வைக்க வாகான இடம் என்று வண்டி வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை அவள்தான் அங்கே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். இருபத்தேழு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல். ஆயுத பூஜைக்குக் கூடவே ஒரு உருண்டை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கல் மாதிரி ஏறியிருந்தது. வண்டி முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்தபோதுகூட, சாமிக்கு வைத்த பொட்டைச் சுரண்டக்கூடாது என்று சுப்பிரமணி அதைச் சுற்றித்தான் பிரஷ்ஷை ஓட்டினார்.

"அய்யோ ஆத்தா" என்று மண் ரோட்டிலேயே குந்திவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் வெர்னர் நிற்கிறார். அவள் உள்ளங்கையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீசை துடித்தது.

"சாமி, சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டாள். "பதினோரு மாசம் அந்த மனுசன் நாயா அலஞ்சிருக்காரு. சீமையில இருந்து சாமான் வந்திருக்கு. எல்லாம் என் பொட்டுக்காகன்னு தெரிஞ்சா என்னை இந்த ஏரியில தள்ளிடுவாரு."

வெர்னர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பார்த்த ஒரே சாட்சிக்கு ஆவணி பௌர்ணமி வரை வாய் கிடையாது. இந்தக் கலவரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூடியைச் சுத்தமாகத் துடைத்து, ஊதிப் பார்த்து, பூட்டினாள். பொடியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மெக்கானிக் கிடைக்காமல் சுப்பிரமணி பத்து மணிக்குத் திரும்பி வந்தார். முகம் செத்திருந்தது. டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலை ஒரு சுற்று திருகினார், காற்றை எடுத்தார், கிளப்பினார். வண்டி ஓடியது. கால் மணி ஆயிற்று, இருமவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. ஊருக்குள் நுழைந்தது. தெற்குத் தெரு திருப்பத்தை ராஜா மாதிரி திரும்பியது. கேபினிலிருந்து சுப்பிரமணியின் குரல் கேட்டது. "நாசில்தான்டி! நாசில்தான் கோளாறு! நான் புடிச்சிட்டேன் பாத்தியா!"

"ஆமாங்க, நீங்கதான் புடிச்சீங்க" என்று பின்னாலிருந்து கத்தினாள் எல்லம்மாள். வெர்னர் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கோயில் வாசலில் ஊரே நின்றது. ஒரு பக்கம் கோபியின் மினி லாரி, சீரியல் பல்பும் வாழைக்கன்றும் கட்டி நின்றது. பட்டாளத்து வண்டி வந்து நின்றதும் பம்பை அதிர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நாட்டாமை ராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வந்துட்டான்யா சுப்பிரமணி" என்று சிரித்தார். பூசாரி மஞ்சள் கட்டிய காப்புக் கயிற்றை அம்மன் காலில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கோபமெல்லாம் இதோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

அவள் போட்ட கணக்கு தப்பு. சுப்பிரமணிக்கு ஜெயித்ததும் ஆறவில்லை, ஏறியது. கேபின் படியில் நின்றபடி, கோபி பக்கம் கையை நீட்டினார். "பாத்துக்கங்கப்பா எல்லாரும்! மண்ணைப் போட்டாலும் சரி, மலையையே புடுங்கிப் போட்டாலும் சரி, என் வண்டிய எவனும் நிறுத்த முடியாது. மச்சான்னு வூட்ல சோறு போட்டேன். தின்னுட்டு டேங்குல மண்ணைப் போட்டான்!"

கோபி தலையைக் குனிந்துகொண்டான். பொன்னி அவன் கையைப் பிடித்து இழுத்தாள், போய்விடலாம் என்று. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லம்மாள் வண்டியின் மேலே நின்றிருந்தாள். அங்கிருந்து தம்பியின் உச்சந்தலை தெரிந்தது. ஒரு வருஷத்தில் அவனுக்கு நரை விழுந்திருந்தது. பேசாமல் இருந்தால் காப்பு அவள் வண்டிக்கு, கும்பம் அவள் கைக்கு. பேசினால், அம்மனை நடுத்தெருவில் நிறுத்தினவள் அம்மன் பக்கத்தில் நிற்கிறதா என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் நியாயம்தான். பூசாரி கயிற்றோடு குனிந்துவிட்டார்.

"பூசாரி, இருங்க! கட்டாதீங்க!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எந்தம்பி ஒண்ணும் போடல. நான்தான் போட்டேன்."

"ஏய், இன்னாடி ஒளர்ற?" என்றார் சுப்பிரமணி.

"ஒளறல. அது மண்ணே இல்லீங்க. சந்தனம். டேங்கு மூடியில பொட்டு வெச்சி வெச்சி, அதுல கீற காத்து ஓட்டைய அடச்சிட்டேன். காத்து பூந்தாத்தான டீசல் எறங்கும்? எண்ண டின்னுக்கு ரெண்டு ஓட்ட போடற மாதிரி. அதான் கால் மணிக்கு ஒருக்கா மூச்சு முட்டி நின்னுச்சு. இன்னிக்குக் காலைல இந்த ஊக்காலதான் குத்தி எடுத்தேன். நாசிலும் இல்ல, பம்பும் இல்ல. வண்டி மேல இருந்த கோளாறு அத்தினியும் நான் வெச்ச பொட்டுதான்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கையை நீட்டினாள். "மோந்து பாருங்க. யாரு வேணா மோந்து பாருங்க. எந்தம்பி கற்பூரம் அணைக்க வந்தான், நீங்க திரும்பிக்கினீங்க. இப்ப நான் அம்மன் வாசல்ல நின்னு சொல்றேன். அவன் மேல தப்பு இல்ல." பூசாரி பக்கம் திரும்பினாள். "காப்ப யாருக்கு வேணா கட்டுங்க. எந்தம்பிய மட்டும் இனிமே யாரும் ஒரு வார்த்த சொல்லாதீங்க."

நாட்டாமை ராமன்தான் முதலில் வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "சந்தனந்தான்" என்றார்.

அப்போது வண்டியின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரும் அதுவரை கேட்டிராத சத்தம். வெர்னர் சிரித்தார். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வெடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கப் பலகையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தார். "மௌனசாமி சிரிக்குதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு யாரால்தான் அடக்க முடியும்? ஊரே சிரித்தது. பம்பைக்காரர் சிரிப்புக்கு ஒரு தாளம் போட்டார்.

"அம்மனுக்குன்னு வெச்ச சந்தனத்துக்குக் குத்தம் சொன்னா, அப்புறம் அம்மா என்னைச் சும்மா வுடுவாளா?" என்றார் நாட்டாமை. "வண்டி ஓடி வந்துச்சு. நான் சொன்னது அவ்ளோதான். கட்டுங்க பூசாரி." பூசாரி பம்பரில் காப்பைக் கட்டினார்.

சுப்பிரமணி மட்டும் சிரிக்கவில்லை. படியிலிருந்து இறங்கிக் கோபிக்கு முன்னால் போய் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் கையில் சுருட்டினார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் அதுவரை புழங்கியதில்லை.

"மச்சான்" என்றார். அதற்குமேல் வரவில்லை.

கோபி நிமிர்ந்தான். "ஒரு வருசம்" என்றான். "எங்கக்கா கையால கறிக்கொழம்பு தின்னு ஒரு வருசம் ஆச்சு. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

"இன்னிக்கே வா. இப்பவே வா. கோழி அடிச்சிட்றேன்."

"காப்பு கட்டியாச்சு. ஊர்ல பத்து நாளைக்குக் கவுச்சி கெடையாது."

சுப்பிரமணி திரும்பிப் பம்பரில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். "அப்ப பதினோராம் நாளு" என்றார் ரொம்பப் பாவமாக. கோபிக்கு உதடு கோணியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

காப்புக் கட்டிய வண்டி ஊரை ஒரு சுற்று சுற்றித்தான் வீடு திரும்ப வேண்டும். சுப்பிரமணி கேபினில் ஏறிச் சாவியைத் திருகினார். கோபி பின் சக்கரத்தில் கால் வைத்து மேலே தாவினான். நேரே வந்து எல்லம்மாள் பக்கத்தில் நின்று, அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். டீசல் புகைக்கும் வேப்பிலைக்கும் நடுவே அவள் தேம்பித் தேம்பி அழுதாள். இந்த முறை புகை என்று சொல்லவில்லை.

"எல்லாம் ஏறியாச்சா?" என்று முன்னாலிருந்து சுப்பிரமணி கத்தினார்.

"ஏறியாச்சு. அக்காவ நான் புடிச்சிக்கினேன்" என்று கோபி அதைவிடச் சத்தமாகக் கத்தினான். "நீங்க எடுங்க மாமா!"